மெலிந்த மேனியும் உதிரும் கேசமும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இவ்வாண்டு சுகாதாரத்தைப் பற்றி ஒரு பேச்சு இருக்கவேண்டும் என்று நிருவாகசபையார் தீர்மானித்தனர். எதைப் பற்றிப் பேசலாம் என்று வாலிபர்களைக் கேட்டபோது, நுளம்பு ஒழிப்பையோ பல் பாதுகாப்பையோ சொல்வார்கள் என்றே நாம் எதிர்பார்த்தோம். அவர்களோ, "மருந்து ஏற்றி உடம்பை விரைவாக மெலியச் செய்தவர்களுக்கு முடி கொட்டுகிறதே, தோல் தொங்குகிறதே, அது ஏன்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இதைக் கேட்டு முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. அழகு சம்பந்தமான அற்ப விஷயம் என்று அவர்கள் நினைக்கக்கூடும். அது அற்ப விஷயமன்று என்பதைக் காட்டவே நாம் இங்கு எழுந்து நிற்கிறோம்.

முன்னதாக ஒன்று சொல்லிவிடுகிறோம். மருந்து எழுதுவது எமது தொழிலன்று. மற்றவர்கள் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுத்தே காலங்கழித்தவர்கள் நாம். ஆகையால் எமது வார்த்தைகளை வைத்தியரின் கட்டளையாகக் கொள்ளாமல், வைத்தியரிடம் போகுமுன் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகக் கொள்ளுங்கள்.

மடுல்கெல்லயிலே, நக்கிள்ஸ் மலையின் அடிவாரத்திலே, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி உழைக்கும் மக்களிடையே உடல் மெலியும் மருந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று யாரேனும் கேட்கலாம். நம் பாட்டனார் காலத்தில் இந்த மலைகளில் வயிறு நிரம்புவதே பெரும்பாடாக இருந்தது. இன்று நிலைமை கலந்து கிடக்கிறது. ஒரே லயத்திலே ஒரு வீட்டில் இரத்தமின்றி வெளுத்த பெண்ணும், அடுத்த வீட்டில் சீனி வியாதியால் வருந்தும் பெரியவரும் இருப்பதைக் காண்கிறோம். சில வேளைகளில் இரண்டு நோயும் ஒரே ஆளிடத்தில் குடியிருக்கின்றன. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஆராய்ச்சியொன்று, வயது வந்தவர்களில் ஐவருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவராகவோ, அதன் வாசற்படியில் நிற்பவராகவோ இருந்தார் என்று கண்டது. அதற்குப் பின் இத்தொகை குறைந்தபாடில்லை. நீரிழிவுக்கென்று பிறந்த மருந்தே இன்று மெலியும் மருந்தாகப் பேர் வாங்கியிருக்கிறது. கொழும்பிலே வேலை செய்யும் பிள்ளைகளும், மத்திய கிழக்கிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரிகளும், கைத்தொலைபேசியும் அதன் செய்தியை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டன.

அம்மருந்தின் வரலாறு சுவையானது. நாம் உணவு உண்டதும் குடலிலே ஒருவகைச் சுரப்பு நீர் உண்டாகிறது. ஜீ.எல்.பி.-1 என்று விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இன்சுலினைச் சுரக்கச் செய்வது, இரைப்பை மெல்ல மெல்லக் காலியாகும்படி பார்ப்பது, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புவது ஆகியன அதன் வேலைகள். ஆனால் அது உடம்பில் சில நிமிஷங்களே நிலைக்கும். 1992இல் ஜோன் எங் என்னும் அமெரிக்க வைத்தியர், கீலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அதையொத்த, நெடுநேரம் நிலைக்கக்கூடிய ஒரு பொருளைக் கண்டெடுத்தார். அதிலிருந்து பிறந்த மருந்து 2005இல் நீரிழிவுக்கு அங்கீகாரம் பெற்றது. பின்னர் வாரம் ஒருமுறை ஊசியாக ஏற்றப்படும் செமக்ளூட்டைட் என்பது 2017இல் நீரிழிவுக்கும், 2021இல் உடற்பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. டிர்செப்படைட் என்ற மற்றொன்று 2022இலும் 2023இலும் அதே வரிசையில் வந்தது. அண்டை நாடான இந்தியாவின் கடைகளுக்கு 2025ஆம் ஆண்டில் இவ்விரண்டும் மெலியும் மருந்தாக வந்து சேர்ந்தன. பல்லி விழுந்தால் பலன் பார்க்கும் நம்மவர்க்கு, பல்லியின் எச்சிலால் இத்தனை பலன் உண்டென்பது புதுமையாகத்தான் இருக்கும்!

இவை பொய் மருந்துகள் அல்ல. 2021இல் வெளியான பெரிய பரிசோதனையிலே, செமக்ளூட்டைட் ஏற்றியவர்கள் 68 வாரத்தில் சராசரியாகத் தங்கள் நிறையில் 100க்கு 15 பங்கை இழந்தார்கள். 80 கிலோ நிறையுள்ள ஒருவர் 68 கிலோவுக்கு இறங்குகிறார் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். பன்னிரண்டு கிலோ என்பது ஒரு வயதுக் குழந்தையொன்றின் நிறையைவிட அதிகம்! அவ்வளவு பாரத்தை ஓராண்டுக்குச் சிறிது கூடிய காலத்தில் இறக்கிவைத்த உடம்பு, அதனை அறியாதது போல் இருந்துவிடுமா? இருக்காது. தலையிலும் தோலிலும் அது தன் கணக்கை எழுதிக் காட்டுகிறது.

முதலில் தலையைப் பார்ப்போம். மனிதன் தலையில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. எல்லாம் ஒரே வேளையில் வளர்வதில்லை. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்ந்து, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்ந்து, பின்னர் உதிர்ந்து, அதே வேரிலிருந்து புது முடிக்கு இடங்கொடுக்கிறது. ஆகவே சுகமாயிருக்கும் ஒருவருக்கே தினமும் 50 முதல் 100 வரை முடி உதிரும். சீப்பிலே நாலு முடி கண்டவுடன் பதறுவோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

உடம்புக்குத் திடீரென்று ஒரு நெருக்கடி வந்தால் அது சிக்கனம் பிடிக்கிறது. இருதயத்துக்கும் மூளைக்கும் கொடுப்பதை நிறுத்தமுடியாது. முடி வளர்ப்பதை நிறுத்தி வைக்கலாம் அல்லவா? ஆகவே வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பங்கை ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. அனுப்பப்பட்டவை உடனே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் வேரில் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு எல்லாம் ஒன்றாய்க் கழலுகின்றன. 1961இல் கிளிக்மன் என்ற அமெரிக்கச் சரும வைத்தியர் இதற்கொரு பெயர் சூட்டி விளக்கினார். நம் தாய்மாருக்கோ பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் வெகு காலமாகத் தெரியும். பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாய் முடி கழல்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நெருப்புக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020, 2021இல், காய்ச்சல் மாறிச் சில மாதங்கள் கழித்துப் பலர் முடி கொட்டுகிறதென்று முறையிட்டதும் இதே காரணத்தாலேதான்.

ஆகையால் இன்று முடி கொட்டுகிறது என்றால், இன்று பூசிய எண்ணெயையோ நேற்று மாற்றிய சவர்க்காரத்தையோ குறைகூறிப் பயனில்லை. மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்க வேண்டும். மெலியும் மருந்து எடுத்தவருக்கு அந்த விசாரணையில் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டே. ஒன்று, நிறை மிக வேகமாக இறங்கியது. மற்றொன்று, பசி அடங்கிப்போனபடியால் உண்ணவேண்டியதை உண்ணவில்லை.

மருந்தின் பரிசோதனைக் கணக்குகளும் இதைத்தான் காட்டுகின்றன. செமக்ளூட்டைட் எடுத்தவர்களில் 100க்கு மூவர் முடி கொட்டுவதாகச் சொன்னார்கள். வெறும் ஊசி ஏற்றப்பட்டவர்களில் ஒருவர்தான் சொன்னார். டிர்செப்படைட்டில் பெண்களுக்கு இது 100க்கு ஏழு வரை போயிற்று. ஆண்களில் ஒருவர்கூட முழுதாய் இல்லை. நிறை அதிகமாக இறங்கியவர்களிடத்திலேயே முடியும் அதிகமாகக் கொட்டியது. செமக்ளூட்டைட் எடுத்தோரிடம் கண்ட முக்கியமான செய்தி இன்னொன்று உண்டு: முடி கொட்டியவர்களில் பெரும்பாலோர், மருந்தை நிறுத்தாமலே குணமடைந்தார்கள்.

இந்தச் செய்தியை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீனி வியாதிக்காக வைத்தியர் இம்மருந்தைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி நம் தாய்மாரில் ஒருவர். குளிக்கும்போது தண்ணீரோடு முடி போகிறது. பின்னலை இறுக்கினால் பாதியாய்த் தெரிகிறது. பக்கத்து வீட்டார், "இந்த ஊசியை விட்டுவிடு அக்கா, இன்னும் போட்டால் மொட்டையாகிவிடுவாய்" என்கிறார்கள். நம் பெண்களுக்குக் கூந்தல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் அறிவோம். அவர் யாரிடமும் சொல்லாமல் ஊசியை நிறுத்துகிறார். சீனி ஏறுகிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காக்கவேண்டிய மருந்து, திரும்ப முளைக்கக்கூடிய முடிக்காகக் கைவிடப்படுகிறது. போன முடி வரும்; போன பாதம் வராது.

இவ்வகை உதிர்வில் தலை முழுவதும் மொட்டையாவதில்லை. காரணம் நீங்கினால் ஆறு மாதமளவில் உதிர்வு அடங்கும். வேர் சாகாமல் இருப்பதே இதற்குக் காரணம். கதிர்காமத்தில் முடி இறக்கியவர்கள் எல்லாம் மறுபடி சீவி முடிக்கிறார்கள் அல்லவா? (மொட்டையடித்தால் முடி தடித்து வளரும் என்பது மட்டும் வெறும் நம்பிக்கை. மழித்த முடியின் மழுங்கிய முனைதான் கைக்குத் தடிப்பாகத் தெரிகிறது.) முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றரே வளரும். இடுப்பளவு கூந்தல் முன்போல் அடர்த்தியாக வருடங்கள் செல்லும். நெற்றி ஓரத்தில் பூனை மயிர் போலக் குட்டை முடிகள் கிளம்பினால், நல்ல காலம் ஆரம்பமாகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்தும் இடத்திலும், இறுக்கிக் கட்டிய கொண்டையின் ஓரத்திலும் முடி மெலிவது வேறு காரணத்தால். அது இழுபட்டும் உராய்ந்தும் போகும் முடி. அதற்குக் கயிற்றின் கீழ் தடித்த துணி மடித்து வைப்பதும், கொண்டையைத் தளர்த்துவதுமே மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

நிற்க. முடிக்கு உணவு எது? கடையிலே போத்தலில் விற்பதன்று, கோப்பையிலே இருப்பது. முடியும் தோலும் நகமும் புரதச் சத்தினால் கட்டப்பட்டவை. மருந்து எடுப்பவருக்குப் பசியிராது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு கோப்பை சாயத்தண்ணீர். பகலில் இரண்டு கவளம் சோறு. இரவில் ஒன்றும் வேண்டாம். இப்படியே நாட்கள் போகின்றன. உடம்போ கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை. இழந்த நிறையில் மூன்றிலொரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாக இருந்ததைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். மேட்டில் ஏறி வேலை செய்யவேண்டியவருக்குத் தசை போனால் என்னவாகும்?

ஒரு கிலோ நிறைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தினமும் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. அவித்த பருப்பு அல்லது கடலை 100 கிராமில் சுமார் 9. ஒரு கோப்பை பாலில் 6 அல்லது 7. ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் 12 அளவில். மாமிசம் உண்ணாதவர்களுக்குப் பருப்பு, கடலை, கௌபி, சோயா, தயிர் இருக்கின்றன. வயிற்றில் இடம் கொஞ்சமாக இருப்பதால், உண்ணும் ஒழுங்கை மாற்றவேண்டும். சோற்றை மலைபோல் குவித்து அதன் ஓரத்தில் பருப்பைப் பொட்டுப்போல் வைப்பது நம் வழக்கம். மருந்தெடுப்பவர் முட்டையையும் பருப்பையும் கறியையும் முதலில் உண்டு, இடமிருந்தால் சோற்றுக்குப் போகட்டும். சிறுநீரக வியாதி உள்ளவர்கள் மாத்திரம் இந்தக் கணக்கைத் தங்கள் வைத்தியரிடம் கேட்டே வைத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது இரும்புச் சத்து. இந்த இடத்தில் நாம் தேயிலையைப் பற்றி ஒரு குறை சொல்லப்போகிறோம். தோட்டத்தில் நின்று சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்பதைப் பாதிக்குமேல் தடுத்துவிடக்கூடும். தேயிலையின் துவர்ப்புத் தரும் பொருள் இரும்போடு கட்டுப்பட்டு அதைக் குடலில் ஏறவிடாது. நம் பெண்களோ ரொட்டியை வாயில் வைத்துத் தேத்தண்ணீரால் விழுங்கிவிட்டு மலைக்கு ஓடுகிறவர்கள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பிலே, மெலியும் மருந்தால் உணவும் குறைந்தால், முடி கொட்டாமல் வேறென்ன செய்யும்? தேத்தண்ணீரை விடவேண்டாம், அது நமக்குச் சோறு போடும் செடி. உணவுக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், அது போதும். முருங்கைக் கீரையிலும் வல்லாரைச் சம்பலிலும் தேசிக்காய் பிழிந்து உண்டால் இரும்பு நன்றாக ஏறும். இன்று கூட்டம் முடிந்ததும் வாலிபர்கள் கடலையும் தேத்தண்ணீரும் தரப்போகிறார்களாம். இரண்டையும் ஒன்றாய்த் தரவேண்டாம் என்று செயலாளரை இப்பொழுதே கேட்டுக்கொள்கிறோம்!

முடிக்கென்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகளைப் பற்றி வாலிபச் சகோதரிகள் விசேஷமாகக் கேட்டிருந்தார்கள். பயோட்டின் ஒரு ஜீவசத்து. அது உடம்பில் குறைந்தவர்கள் மிகச் சிலரே. குறையாதவர்க்கு அதனால் முடி வளரும் என்பதற்குத் தக்க ஆதாரமில்லை. அதிக அளவில் விழுங்கினால் தைரொயிட், மாரடைப்பு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைப் பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2017இலே எச்சரித்தது. ஜீவசத்து 'ஏ'யும் செலீனியமும் அளவு மிஞ்சினால் முடியைக் கொட்டவே செய்யும். அந்தக் காசுக்கு முட்டை வாங்கினால் வீட்டில் எல்லோரும் உண்ணலாம். தேங்காயெண்ணெய் பூசலாமா என்றால், தாராளமாகப் பூசலாம். அது முடி வறண்டு முறிவதைக் குறைக்கும். வேரை வளர்க்கும் என்று மட்டும் எண்ணவேண்டாம்.

இனித் தோலுக்கு வருவோம். பல வருடம் விரிந்திருந்த தோல், உள்ளே இருந்த கொழுப்பு போனபின் பழைய அளவுக்குச் சுருங்கவேண்டும். சுருங்குவது அதனுள்ளிருக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்களின் வேலை. வாலிபத்தில் அந்த நார்கள் இறுக்கமாக இருக்கும். வயது போகப்போகத் தளரும். வெயிலும் புகையிலையும் அவற்றை அறுக்கும். ஆகவே ஒரே அளவு மெலிந்தாலும் இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தோல் ஒட்டிக்கொள்ளும். ஐம்பதைத் தாண்டியவரின் கன்னமும் கைச்சதையும் வயிறும் தொங்கும். இதனைப் பூச்சுத் தைலங்கள் தூக்கி நிறுத்தமாட்டா. நிறை மெதுவாக இறங்குவதும், புரதம் போதிய அளவு உண்பதும், தசைக்கு வேலை கொடுப்பதும், சுருட்டு, பீடி, சிகரெட்டை விடுவதும் இயன்ற அளவு உதவும். மிகவும் தொங்கி உபாதை தருமானால் சத்திரசிகிச்சை உண்டு. ஆனால் நிறை சில மாதங்கள் ஒரே நிலையில் நின்றபின்னரே அதைப் பற்றி வைத்தியர்கள் யோசிப்பார்கள்.

கன்னம் ஒட்டிப்போனவரைக் கண்டால் நம் பெரியவர்கள் சும்மா இருப்பதில்லை. "என்ன இப்படி இளைத்துப் போனாய், கண்ணூறு பட்டதோ?" என்கிறார்கள். கசநோய் வந்தவர்கள் மெலிந்து மெலிந்து போனதைக் கண்ட தலைமுறை அல்லவா? அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மருந்தேதும் எடுக்காமல், முயற்சியேதும் செய்யாமல் ஒருவர் மெலிந்தால் கண்ணூறு கழிப்பதோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புங்கள். கசநோயோ, தைரொயிட் கோளாறோ, சீனி வியாதியோ அதற்குக் காரணமாக இருக்கலாம். மருந்தால் மெலிந்தவரை மட்டும் வாசலில் வைத்து வருணிக்காமல் விட்டுவிடுங்கள்.

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோலக் கறுத்துத் தடித்திருப்பதைப் பலரிடம் காண்கிறோம். அழுக்கென்று எண்ணிப் பீர்க்கம் நாராலும் தேசிக்காயாலும் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அது அழுக்கன்று. இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாகப் பெரும்பாலும் வருவது. வாலிபர் ஒருவரிடம் அதைக் கண்டால் சீனி பார்க்கச் சொல்லவேண்டும். நிறை குறையும்போது அந்தக் கறுப்பும் மெல்ல மெல்லக் குறைகிறது. மெலிந்தபின் தோலுக்கு வரும் நன்மைகளில் இதுவொன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் மலையில் தோலுக்கு இரண்டு சத்துருக்கள்: ஈரமும் குளிரும். படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நனைந்து, நனைந்த உடையோடே மாலைவரை நிற்பவர்கள் நம் சகோதரிகள். மெலிந்தபின் வயிற்றிலும் மார்பின் கீழும் தொடையிடுக்கிலும் தோல் மடிந்து தொங்கினால், அந்த மடிப்புக்குள் ஈரம் தேங்கும்; தோலோடு தோல் உராயும்; பூஞ்சணம் குடியேறும். சிவந்து, அரித்து, சில வேளை வெடித்து நாறும். சீனி வியாதியும் இருந்தால் அது எளிதில் ஆறாது. செய்யவேண்டியது மிகச் சாதாரணம். வீட்டுக்கு வந்ததும் ஈர உடையை மாற்றி, மடிப்புகளைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அதற்கென்று பூஞ்சணத்தைக் கொல்லும் களிம்பு இருக்கிறது. அரிப்பு உடனே நிற்கிறதென்று யாரோ கொடுத்த ஸ்டீரொயிட் களிம்பைப் பூசுவோர் உண்டு. அது சிவப்பை மறைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். ஏற்கெனவே தளர்ந்த தோலை இன்னும் மெல்லிதாக்கும். இதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம்.

தை, மாசி மாதங்களின் வறண்ட குளிர்காற்றில் இன்னொரு தொல்லை. உணவும் தண்ணீரும் குறைந்த உடம்பில் தோல் செதிள் செதிளாய்ப் பிளக்கும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வார்ப்பது சுகமாயிருந்தாலும் தோலின் எண்ணெயையெல்லாம் கழுவிக்கொண்டு போகும். இளஞ்சூடு போதும். குளித்து ஈரம் முழுதும் காயுமுன் வசிலினோ தேங்காயெண்ணெயோ பூசினால் அந்த ஈரம் உள்ளே தங்கும். இம்மருந்தெடுப்பவர்களுக்குத் தாகமும் தெரியாமற் போவதுண்டு. ஆகவே கணக்கு வைத்துத் தண்ணீர் குடிக்கவேண்டும். கால்களை மாலைதோறும் பாருங்கள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்குவது எல்லோருக்கும் சாதாரணம். சீனி உள்ளவருக்கு அது சாதாரணமன்று. ஊசி ஏற்றும் இடத்தையும் வயிறு, தொடை, கை என்று வாரந்தோறும் மாற்றிக்கொள்ளவேண்டும்.

வாலிபச் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இம்மருந்து கலியாணத்துக்கு முன் இடுப்பைச் சுருக்குவதற்காக உண்டாக்கப்பட்டதன்று. உயரத்துக்கேற்ற நிறையைக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்ற எண், ஆசிய மக்களுக்கு 23க்கு மேல் ஆபத்து ஏறத் தொடங்குவதாகவும், 27.5க்கு மேல் மிக ஏறுவதாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் வகுத்தார்கள். அந்த எல்லைக்குள் சௌக்கியமாக இருப்பவர் ஊசி ஏற்றிக்கொண்டால், கொழுப்போடு தன் தசையையும் கேசத்தையும்கூட அவர் இழக்கக்கூடும். நிறுத்தியவுடன் பசி திரும்பும். ஒரு பரிசோதனையில், நிறுத்தி ஓராண்டுக்குள் இழந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஏறி இறங்கி ஏறும் நிறை தோலை இன்னும் தளர்த்தும். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் செமக்ளூட்டைட்டைக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்தவேண்டும். கலியாணத்துக்காக மெலிய நினைக்கும் பெண்ணுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

கள்ள மருந்தும் நடமாடுகிறது. பிரேஸில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலிச் செமக்ளூட்டைட் பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. அவ்வளவு காவலுள்ள நாடுகளுக்கே அது நுழைந்ததென்றால், பயணப் பெட்டியில் சுற்றி வரும் ஊசிக்கு யார் பொறுப்பு? நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்ய 2015இல் சட்டமியற்றி ஓர் அதிகாரசபையையே அமைத்திருக்கிறார்கள். பதிவில்லாத, பெயர்ச்சீட்டில்லாத எதையும் உடம்பில் ஏற்றவேண்டாம்.

எப்போது தாமதியாமல் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதைச் சொல்லி நிறுத்துகிறோம். முடி வட்டம் வட்டமாய், காசளவு இடங்களில் போனால் அது வேறு வியாதி. ஆறு மாதம் கடந்தும் உதிர்வு அடங்காவிட்டால் இரத்தத்தில் இரும்பின் இருப்பும் தைரொயிட்டும் பார்க்கவேண்டும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கி, கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தால் அன்றே போங்கள். வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவதுண்டு. வலது விலாவின் கீழ் கடுமையாக வலித்து, கண் மஞ்சளானால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நிற்காத வாந்தியும், முதுகுவரை பாயும் வயிற்றுவலியும் அப்படியே.

கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோவீர்கள். அதன் கடைசிப் பக்கத்திலே மூன்று விஷயத்தை மாதந்தோறும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்: நிறை எவ்வளவு, ஒரு நாளில் உண்டது என்ன, முடியும் தோலும் எப்படி. வத்தேகமவிலோ கண்டியிலோ பேராதனையிலோ வைத்தியருக்கு முன்னால் நூறு பேர் காத்திருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். "முடி கொட்டுது ஐயா" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? நிறை இந்த மாதம் ஆறு கிலோ இறங்கிவிட்டது என்று அந்தப் பக்கம் காட்டினால், மருந்தின் அளவைக் குறைப்பதா, கூட்டுவதைத் தள்ளிப்போடுவதா, இரும்பு மாத்திரை கொடுப்பதா என்று அவர் தீர்மானிப்பார். மருந்தை நிறுத்துவதாயிருந்தாலும் அவரே நிறுத்தட்டும். எழுத உதவி வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்துக்கு வந்தால் வாலிபர்கள் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.